பனங்காட்டில் வாசித்த தீர்க்கதரிசனம்

தூத்துக்குடித் துறைமுகத்தை விட்டு மேற்கே பாளையங்கோட்டை நோக்கிச் செல்லும் சாலையில், உப்பளங்களின் வெண்மை கண்ணுக்கு மறைந்து, கரிசலும் செம்மணலும் ஒன்றோடொன்று எல்லை வழக்காடுவனபோலக் கிடக்கும் நிலப்பரப்பில், புதுக்கோட்டை என்னும் சிற்றூர் இருக்கிறது. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சமஸ்தானத்துப் புதுக்கோட்டை வேறு, இது வேறு. இதற்கு அரண்மனையும் இல்லை, அரசாங்கச் சரித்திரங்களில் தனி அத்தியாயமும் இல்லை. ஆயினும் வடக்கே பருத்தியும் கம்பும் விளையும் கரிசற்காடு, கிழக்கே முத்துக்கும் சங்குக்கும் பேர்போன கடல், மேற்கே வெளிமான் மேயும் வல்லநாட்டுக் குன்று, தெற்கே சாயர்புரம், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாத்தான்குளம் என்று தேரி மணல் வரையில் நீண்டு செல்லும் பனைநாடு ஆகிய நான்குக்கும் நடுவிலே அமைந்திருப்பதால், இந்தச் சீமையின் பழமையைப் பற்றிச் சிந்திக்க விரும்புவோன் நின்று பார்ப்பதற்கு இதைவிடத் தகுந்த இடம் வேறில்லை.

சிந்திப்பதற்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு வழக்கத்தைப் பற்றியது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும், இப்பனைநாட்டு மக்களில் ஆயிரக்கணக்கானோர் வேதபுஸ்தகத்தைக் கையிலேந்தி வாசிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவ்வாறு கற்றுக்கொண்டதைச் சுவரும் கூரையும் உள்ள இடத்தில் மட்டுமன்றி மரத்தடியிலும், பதநீர் காய்ச்சும் குடிசையாகிய விடிலியின் வாசலிலும், கூடாரத்தின் முன்னும், வண்டிப்பாதையிலும் உட்கார்ந்து வாசித்தார்கள். அந்த வாசிப்பில், சங்கீதங்களும் சுவிசேஷங்களும் ஆறுதலைக் கொடுத்தன என்றால், தானியேல், எசேக்கியேல், யோவேல், ஏசாயா, யோவானின் வெளிப்படுத்தல் ஆகிய தீர்க்கதரிசன ஆகமங்கள் கலக்கத்தையும் எதிர்பார்ப்பையும் கொடுத்தன. இவ்வாகமங்களை ஆண்டுகளை எண்ணிக் குறிக்கும் கணக்காக வாசித்தவர்களும் உண்டு. தம் நிலத்துக்கும் தம் காலத்துக்கும் எழுதப்பட்ட கடிதமாக வாசித்தவர்களும் உண்டு. இவ்விரு வகையாரின் கதையும் இந்த நூறு கல் சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே பெரும்பாலும் நடந்து முடிந்தது என்பதுதான் வியப்பு.

தீர்க்கதரிசிகளே வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தவர்கள் அல்லர் என்பதை முதலில் நினைவிற் கொள்ளவேண்டும். எசேக்கியேல் வானம் திறக்கக் கண்டது பாபிலோன் தேசத்தில், கேபார் நதியின் கரையில், சிறைப்பட்டுப்போன தன் ஜனங்களின் நடுவே. தானியேல் கண்ட தரிசனங்களில் ஒன்று ஊலாய் ஆற்றங்கரையிலும் மற்றொன்று இதெக்கேல் என்னும் பெருநதியின் தீரத்திலும் நிகழ்ந்தது. தெபோராள் என்னும் தீர்க்கதரிசினி எப்பிராயீம் மலைநாட்டில் ஒரு பேரீச்ச மரத்தின் கீழே அமர்ந்து ஜனங்களின் வழக்குகளைத் தீர்த்துவந்தாள். யோனாவோ நினிவே நகரத்துக்குப் புறம்பே, ஒரே இரவில் முளைத்து ஒரே இரவில் பட்டுப்போன செடியின் நிழலுக்காகக் கடவுளோடு சண்டையிட்டான். இவர்களுள் நம் பனைநாட்டுக்கு மிகவும் நெருங்கிய உறவினன் தெக்கோவா ஊரானாகிய ஆமோஸ் என்று நான் நினைப்பதுண்டு. அவன் குருகுலத்தில் பயின்றவன் அல்லன். மந்தை மேய்த்தவன், காட்டத்திப் பழத் தொழில் செய்து பிழைத்தவன். அவ்வத்திக்காயைக் கீறிவிட்டாலொழிய அது செவ்வனே பழுப்பதில்லை என்று அத்தேசத்துத் தாவரங்களை ஆராய்ந்தவர்கள் எழுதுகிறார்கள். பாளையை நாள்தோறும் சீவிவிட்டாலொழியப் பதநீர் சுரவாது என்பதைப் பிறந்தது முதல் அறிந்த ஒரு ஜனத்துக்கு, ஆமோஸின் கை எத்தகைய கையென்று எந்தப் போதகரும் விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்தக் கை, கள்ளத் தராசையும் சிறுத்துப்போன மரக்காலையும் சுட்டிக்காட்டிப் பேசியபோது, கருப்பட்டி வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய பனையேறி அப்பேச்சைக் கேட்டு என்ன நினைத்திருப்பான் என்பதையும் ஊகிக்கக் கூடும்.

திறந்த வெளியில் தீர்க்கதரிசனத்தை வாசித்த முதல் மனிதனாக நமக்குத் தெரியவருகிறவன், அப்போஸ்தலர் நடபடிகளில் வருகின்ற எத்தியோப்பிய மந்திரி. எருசலேமிலிருந்து காசா பட்டணத்துக்கு இறங்கிச் செல்லும் வனாந்தர வழியில், ரதத்தில் உட்கார்ந்தபடியே அவன் ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துக்கொண்டு போகிறான். பிலிப்பு ஓடிச்சென்று அதைச் செவியால் கேட்டான் என்றால், அம்மந்திரி வாய்விட்டே வாசித்திருக்கவேண்டும். வாசித்தவனுக்குப் பொருள் விளங்கவில்லை. பொருள் தெரிந்தவன் வழியில் வந்து சேர்கிறான். இருவரும் ஒரே ரதத்தில் ஏறிக்கொள்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் தண்ணீர் தென்படுகிறது. திருநெல்வேலிச் சீமையில் நூறு வருஷ காலம் நடந்த காரியத்தின் சுருக்கம் முழுவதும் அந்த ஒரு கதைக்குள் இருக்கிறது. நம் பக்கத்தில் தண்ணீர் அவ்வளவு சுலபமாகத் தென்படுவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

கடற்கரை வேறு வழியிற் சென்றது. 1530-களிலேயே ஞானஸ்நானம் பெற்ற பரதவ மக்களிடத்தில் 1542-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த சவேரியார், கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் ஜெபங்களையும் தமிழில் மனப்பாடம் செய்வித்தார். மணப்பாட்டில் கடலைப் பார்த்த பாறைக்குகையில் அவர் தியானம் செய்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். அவருக்குப் பின்வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் இருந்து தமிழைக் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலையும், பின்னர் 1586-இல் அடியார் வரலாற்றையும் அச்சிட்டு வெளியிட்டார். ஆயினும் வேதாகமத்தை ஆதியோடந்தமாக மக்கள் கையிலே கொடுக்கும் வழக்கம் அக்காலத்துக் கத்தோலிக்க சபையில் இல்லாமையால், கரையோரத்தார் தீர்க்கதரிசனத்தைக் காதாலும் கண்ணாலும் அறிந்தார்களேயன்றி எழுத்தால் அறியவில்லை. எனக்கு ஒரு சிறு வருத்தம் உண்டு. வெளிப்படுத்தலின் இறுதியில் வருகின்ற புதிய நகரத்துக்குப் பன்னிரண்டு வாசல்கள், ஒவ்வொரு வாசலும் ஒரே முத்தால் ஆனது. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிப் பல பாகம் ஆழம் மூழ்கி, ஒரு மிளகளவு முத்துக்காக நூறு சிப்பிகளைத் திறந்து பார்த்த குளியாள் ஒருவன் அந்தப் பகுதியைத் தானே வாசித்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்பது நம் சரித்திரத்தில் எழுதப்படாத ஏடு.

உள்நாட்டில் கதை ஓலையோடு தொடங்குகிறது. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் மிஷனரி, அச்சு இயந்திரம் வருவதற்கு முன்பு ஓலையிலேதான் தம் எழுத்துகளைப் பிரதி செய்வித்தார்; 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது; அந்நூற்றாண்டின் இறுதியில் பெப்ரீசியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பிலும் தீர்க்கதரிசிகள் அனைவரும் தமிழ் பேசினார்கள். பாளையங்கோட்டையில் குளோரிந்தாள் அம்மையார் கட்டுவித்த ஆலயம் 1785-ஆம் ஆண்டுக்குரியது. சாத்தான்குளத்துக்கு அருகே கிறிஸ்தவர்களுக்கென்றே ஏற்பட்ட முதலூர் 1799-இல் உண்டாயிற்று. 1820-இல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபின்பு, உபதேசிமார்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்து ஊரூராய் அனுப்பும் ஏற்பாடும், இருக்க இடமின்றித் துரத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றும்பொருட்டு 1830-இல் தோன்றிய தர்ம சங்கமும் இச்சீமையின் முகத்தையே மாற்றிவிட்டன. அக்காலத்து வேதக்கோயில்கள் எத்தன்மையன என்றால், மண்சுவர், பனங்கை, பனையோலைக் கூரை, சில இடங்களில் சுவருமில்லாத பந்தல். காற்றும் மணலும் தாராளமாக உள்ளே வந்து போகும். ஆகவே உள்ளே வாசிப்பது, வெளியே வாசிப்பது என்ற பேதம் இப்போது நாம் நினைக்கிற அளவுக்கு அப்போது இல்லை.

பனைத்தொழிலின் கால ஒழுங்கும் இதற்குத் துணைசெய்தது. மாசி பங்குனியில் தொடங்கி ஆடி ஆவணி வரை நீடிக்கும் பருவத்தில், பனையேறி விடியுமுன்னே தளைநாரும் அரிவாள் பெட்டியுமாகப் புறப்பட்டு ஒவ்வொரு மரமாக ஏறியிறங்கிக் கலயங்களில் நிறைந்த பதநீரைக் கொண்டுவருவான். மாலையில் மீண்டும் ஏறிப் பாளையைச் சீவிச் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவான். நடுவில் கிடைக்கும் வெயில்நேரமே அவன் ஓய்வு. மனைவியோ விடிலியில் அடுப்பின் முன் உட்கார்ந்து பதநீர் கருப்பட்டிப் பதத்துக்கு இறுகும் வரையில் மணிக்கணக்காகத் துடுப்பைப் போட்டுக் கிளறவேண்டும். அந்த வேலைக்குக் கையும் கண்ணும் வேண்டுமேயன்றிக் காது வேண்டியதில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் போதும், அக்காதுக்கு வேலை கிடைத்துவிடும்.

பனங்காட்டில் புஸ்தகம் வாசிப்பதில் சில கஷ்டங்களும் உண்டு என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். பனையின் நிழல் ஆலின் நிழலைப்போல ஓரிடத்தில் தங்கியிருப்பதில்லை. ஓர் அதிகாரம் முடிவதற்குள் அது நம்மை விட்டு விலகிப் பக்கத்து வரப்புக்குப் போய்விடும், நாமும் பாயைச் சுருட்டிக்கொண்டு அதன் பின்னே போகவேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று ஓலைகளை ஒன்றோடொன்று மோதச் செய்து எழுப்புகிற சலசலப்பில் பக்கத்தில் இருப்பவன் வாசிப்பதும் கேளாது. மெல்லிய தாள்கள் தாமாகவே புரண்டு, ஏசாயாவில் தொடங்கியவன் எரேமியாவில் முடிக்க நேரிடும். எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கின்மேல் நாற்றிசைக் காற்றும் வந்து ஊதியதாக எசேக்கியேல் கண்ட தரிசனத்தை நான் அறைக்குள் பலமுறை படித்திருந்தும், அதிலுள்ள காற்று எனக்குப் புலப்பட்டது புதுக்கோட்டைக்குத் தெற்கே ஓர் ஆடி மாதத்துப் பிற்பகலில்தான். இதை ஒரு சாட்சியாகச் சொல்லவில்லை. வாசிக்கும் இடம் வாசிப்பின் பொருளோடு கலந்துவிடுகிறது என்பதற்கு ஓர் உதாரணமாகவே சொல்கிறேன்.

சாயர்புரத்தின் பெருமையை இங்கே சொல்லாமல் விடலாகாது. சாயர் என்னும் வணிகர் 1814-இல் வாங்கிய நிலத்தில் உண்டான அவ்வூருக்கு, இருபத்திரண்டு வயதே நிரம்பிய போப் ஐயர் 1842-இல் வந்து சேர்ந்து, ஒரு குருத்துவக் கல்விச்சாலையை நிறுவினார். பிற்காலத்தில் 1886-இல் திருக்குறளையும் 1900-இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த அப்பெரியார், சாயர்புரத்து மாணாக்கர்களிடத்தில் காட்டிய கண்டிப்பு பிரசித்தமானது. அவர் அங்கிருந்து சென்ற சில ஆண்டுகளுக்குப் பின், 1853-இல், அக்கல்விச்சாலைக்குத் தமிழாசிரியராக வந்தவர் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணபிள்ளை. கம்பனிலும் ஆழ்வார்களிலும் தோய்ந்த அவர், உடன் இருந்தோர் சிலர் மனம் மாறுவதைக் கண்டு பலகாலம் தமக்குள்ளே போராடி, 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1894-இல் வெளிவந்த அவருடைய 'இரட்சணிய யாத்திரிகம்', ஜான் பனியனின் கதையைத் தமிழ்க் காப்பிய நடையில் அமைத்தது. தீர்க்கதரிசனத்தை அவர் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது: வரவிருக்கும் நகரம் அவருக்கு நடந்து சென்று சேரவேண்டிய ஊர், வழியில் சேறும் மலையும் பள்ளத்தாக்கும் உண்டு, பஞ்சாங்கம் மட்டும் இல்லை.

பஞ்சாங்கத்தைத் தேடியவர்களின் கதைக்கு இப்போது வருவோம். தானியேல் ஆகமத்தில் மூன்றரைக் காலம் என்று ஒரு குறிப்பு வருகிறது. வெளிப்படுத்தலில் நாற்பத்திரண்டு மாதம் என்றும் 1260 நாள் என்றும் வருகிறது. மாதத்துக்கு முப்பது நாளாக எண்ணினால் மூன்றும் ஒரே அளவுதான். எசேக்கியேல் ஒரு நாளுக்கு ஒரு வருஷமாகக் கணக்கிட்டுத் தன் ஜனத்தின் அக்கிரமத்தைச் சுமக்கும்படி கட்டளை பெற்றானாதலால், அந்த முறையை இங்கும் பிரயோகித்து, 1260 நாள் என்பதை 1260 வருஷம் என்று கொண்டார்கள் ஐரோப்பிய வியாக்கியானிகள். எந்த வருஷத்திலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில்தான் எல்லா வழக்கும். ரோமாபுரி மேற்றிராணியாருக்குப் போக்காஸ் சக்கரவர்த்தி தலைமை அளித்த காலமாகிய ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணி, 1866-ஆம் ஆண்டையொட்டிப் பெரிய காரியங்கள் சம்பவிக்கும் என்று இங்கிலாந்தில் எலியட் என்னும் பண்டிதர் பெரும் புஸ்தகம் எழுதினார். அமெரிக்காவில் மில்லர் என்னும் விவசாயி 2300 என்ற மற்றோர் எண்ணைக் கொண்டு 1843, 1844 என்று நாள் குறித்து ஜனங்களைக் கலக்கினார்.

இந்த நாள்கணக்கின் அலை இங்கே வந்து சேர்வதற்கு முன்பே, இப்பனைநாட்டில் யுக மாற்றத்தைப் பற்றிய பேச்சு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1833-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் திருச்செந்தூர்க் கடலுக்குள் சென்று வைகுண்டராக வெளிப்பட்டவர் என்று அன்பர்களால் போற்றப்படும் சாமித்தோப்பு ஐயா வைகுண்டரின் வழியினர், கலி அழிந்து தர்மயுகம் மலரும் என்னும் நம்பிக்கையை 1841-இல் இயற்றப்பட்ட 'அகிலத்திரட்டு அம்மானை' வழியாகப் பாடிப் பரப்பினார்கள். பனையேறிப் பிழைத்த அதே ஜனங்கள், தலைப்பாகை கட்டும் உரிமையும் தோள்சீலை உடுத்தும் உரிமையும் மறுக்கப்பட்ட அதே ஜனங்கள், ஒரு பகுதியார் அம்மானையிலும் மற்றொரு பகுதியார் வேதபுஸ்தகத்திலும் வரப்போகிற அரசாட்சியைத் தேடினார்கள். நெடுங்காலம் குனிந்து நடந்தவனுக்கு எதிர்காலம் என்பது பொழுதுபோக்கு விசாரணை அல்லவென்பதை, சாய்வு நாற்காலியில் இருந்துகொண்டு தீர்க்கதரிசன வாசகர்களை ஏளனம் செய்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

வைகுண்டர் வெளிப்பட்ட அதே 1833-இல் பம்பாயில் வந்திறங்கினார் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயர். இங்கிலாந்தில் பல்வைத்தியராக நல்ல வருமானம் பெற்றுவந்தவர் அதைத் துறந்து பாக்தாதில் ஊழியம் செய்து, பின் இந்தியாவுக்கு வந்தார். கிறிஸ்துவின் இரண்டாம் வருகை சமீபம் என்று நம்பிய சகோதர சபையார் கூட்டத்தின் முன்னோடிகளில் அவர் ஒருவர். திருநெல்வேலிக்கு வந்து ரேனியஸ் ஐயரோடு நட்புக்கொண்ட குரோவ்ஸிடத்தில், ரேனியஸின் மாணாக்கராகிய அருளப்பர் என்னும் இளைஞர் சேர்ந்துகொண்டார். 1810-இல் பிறந்த இந்த யோவான் கிறிஸ்தியான் அருளப்பர், எந்த மிஷனிலும் சம்பளம் பெறுவதில்லை என்ற விரதத்தோடு, 1840-களின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கி, உழுது பயிரிட்டுக்கொண்டே கிராமங்களைச் சுற்றி வந்தார். திருநெல்வேலிச் சீமையின் அதே வடபகுதியில் 1854 முதல், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஆசிரியப் பதவி வகித்த ராக்லாந்து ஐயர், வீடு வாசல் இல்லாமல் கூடாரத்திலேயே வாழ்ந்து, தென்பகுதிச் சபைகளிலிருந்து மாற்றி மாற்றி வந்த உபதேசிமார்களோடு ஊர் ஊராகச் சென்று, 1858-இல் சிவகாசியில் உயிர்நீத்தார்.

1860-ஆம் ஆண்டு வந்தது. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் உண்டான எழுப்புதலைப் பற்றிய செய்திகளை வாசித்திருந்த அருளப்பரின் கூட்டத்தில், திடீரென்று ஆண்களும் பெண்களும் நடுங்கி விழுந்து பாவ அறிக்கை செய்தார்கள். சிலர் அந்நிய பாஷைகளில் பேசினார்கள். சிலர் தரிசனம் கண்டார்கள். எழுத்தறியாதவர்களும் தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். குமாரரும் குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்வார்கள் என்ற பொருளில் யோவேல் உரைத்தது கண்ணெதிரே நிறைவேறுகிறதென்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை. யோவேலின் ஆகமமே வெட்டுக்கிளியும் வறட்சியும் பட்டுப்போன மரங்களுமாகத் தொடங்குவது, வானம் பார்த்த பூமியில் வாழ்கிறவன் எழுதியது போலவே இருக்கிறது. மிஷனரிமார்களில் சிலர் மகிழ்ந்தார்கள், பலர் அஞ்சினார்கள். அதே 1860-இல், முப்பது ஆண்டுகள் சிப்பி விளையாமல் வெறுமையாய்க் கிடந்த தூத்துக்குடிப் பாரில் முத்துக்குளிப்பு மறுபடியும் நடந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆயினும் எதிர்பார்த்திருத்தல் என்பதை இந்தச் சீமையார் கடலிலும் கற்றார்கள், காட்டிலும் கற்றார்கள்.

அருளப்பர் 1867-இல் காலமானார். 1866-ஆம் ஆண்டும் மற்ற ஆண்டுகளைப்போலவே வந்து போயிற்று. கிறிஸ்தியான்பேட்டையார் நாளைக் காட்டிலும் ஆவியின் வரங்களையே பெரிதாக எண்ணியபடியால், அந்த ஆண்டு கழிந்ததால் அவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஏற்படவில்லை. அருளப்பருடைய நாட்குறிப்புகளை லேங் என்னும் ஆங்கிலேயர் 1939-இல் நூலாக வெளியிட்டார்.

இதற்கிடையே நாசரேத்தின் பக்கத்தில் வேறொரு வாசிப்பு தோன்றியிருந்தது. சட்டாம்பிள்ளை என்று பெயர்பெற்ற அருமைநாயகம், கெமரர் ஐயரால் உபதேசியார் உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டவர். தம் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் என்னும் மிஷனரி 1849-இல் எழுதிய நூலைக் கண்டு கொதித்தவர். 1857-இல் அவர் மூக்குப்பீறியில் வெள்ளைக்காரருக்குக் கீழ்ப்படாத ஒரு சபையை ஏற்படுத்தினார். பிரகாசபுரத்தில் அது நிலைபெற்றது. பழைய ஏற்பாட்டை அவர் எதிர்காலத்துக்கான குறிசொல்லாக வாசிக்கவில்லை. அப்படியே கைக்கொள்ளவேண்டிய ஆசாரமாக வாசித்தார். சனிக்கிழமை ஓய்வுநாள், சுத்திகரிப்பு விதிகள், தூபவர்க்கம், சாஷ்டாங்க வணக்கம் ஆகிய யாவும் கீழைத்தேசத்தாராகிய எபிரெயருக்கும் நமக்கும் பொதுவானவை, நடுவிலே ஐரோப்பியர் நுழைந்து கெடுத்தார்கள் என்பது அவர் வாதம். அவரோடு முழுதும் ஒத்துப்போக இயலாதவர்களும், அவ்வாதத்தில் ஓர் உண்மைக் கீற்று இருப்பதை ஒப்புக்கொள்வார்கள். கேபார் நதிக்கரையும் தாமிரபருணிக் கரையும் லண்டன் மாநகரத்துக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் ஒன்றுக்கொன்று இல்லை.

1876-லும் அதற்கடுத்த ஆண்டிலும் பருவமழை பொய்த்துத் தென்னிந்தியாவெங்கும் பெரும் பஞ்சம் வந்தது. பசியும் பேதியும் ஊர்களை வாரிக்கொண்டுபோன அந்நாட்களில், 1877 மார்ச்சு மாதத்தில் கால்டுவெல்லும் சார்ஜெண்ட் என்னும் மற்றொரு மிஷனரியும் கல்கத்தாவில் அத்தியட்சர்களாக அபிஷேகம் பெற்றுத் திரும்பினார்கள். பஞ்ச நிவாரணத்தின் பின்னே ஆயிரமாயிரமாக ஜனங்கள் சபையிற் சேர்ந்தார்கள். கறுப்புக் குதிரையின்மேல் தராசைப் பிடித்துக்கொண்டு வருகிறவனையும், ஒரு நாள் கூலிக்கு ஒரு படிக் கோதுமை விற்கும் காலத்தையும் வெளிப்படுத்தலில் வாசித்தவர்கள், அதற்கு வியாக்கியானம் தேடிப் பாளையங்கோட்டைக்குப் போகவேண்டியிருக்கவில்லை. கால்டுவெல்லோ அக்காலத்திலேயே கொற்கையிலும் காயலிலும் மண்ணைத் தோண்டிப் பழைய பாண்டியத் துறைமுகங்களின் சின்னங்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் மனம் இயல்பாகவே பின்னோக்கிச் செல்வது. திருநெல்வேலியின் பழமையெல்லாம் திரட்டி அவர் எழுதிய சரித்திரம் 1881-இல் சென்னையில் அரசாங்க அச்சகத்திலிருந்து வெளிவந்தது.

அந்த 1881-ஆம் ஆண்டில்தான் மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் ஒரு கூட்டத்தார் கர்த்தரின் வருகைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலி எழுப்புதலின் பொறி அங்கே பரவி 1870-களின் முற்பகுதியில் மூண்டபோது, அதற்குத் தலைவராக எழுந்தவர் யூஸ்தூஸ் யோசேப்பு. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமண குடும்பத்தில் 1835-இல் பிறந்து, சங்கீதத்திலும் சமஸ்கிருதத்திலும் தேர்ந்து, 1861-இல் குடும்பத்தோடு கிறிஸ்தவராகி, மிஷனில் குருப்பட்டமும் பெற்றவர். வித்வான் குட்டி என்பது ஜனங்கள் வழங்கிய பெயர். 1875-இல் அவருடைய கூட்டத்தில் எழுந்த தீர்க்கதரிசனம், ஆறு ஆண்டுகளுக்குள் வருகை நிகழுமென்று கூறிற்று. மிஷன் அவரை விலக்கியது. ஜனங்கள் காத்திருந்தார்கள். குறித்த நாள் 1881-இல் கழிந்தபோது, வருகை கண்ணுக்குப் புலனாகாத வகையில் நிகழ்ந்துவிட்டதென்று அவர் விளக்கம் சொல்லி, அவ்வாண்டிலிருந்தே ஒரு புது சகாப்தத்தை எண்ணத் தொடங்கி, யூயோமயம் என்னும் தனிச் சபையை நடத்தி, 1887-இல் மறைந்தார். நாள் குறித்தவர்களுக்கெல்லாம் நேருகிற கதி அவருக்கும் நேர்ந்தது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எலியட்டும் மில்லரும் அதே பள்ளத்தில்தான் விழுந்தார்கள். ஆனால் அவர் கர்நாடக ராகங்களில் மலையாளத்திலே இயற்றிய கீர்த்தனைகள், அவரைத் தள்ளிவைத்த சபையிலும், அவர் கணக்கை ஒருநாளும் ஏற்காத மற்றச் சபைகளிலும், ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடப்பட்டு வருகின்றன. பாடுகிறவர்களிற் பலர் 1881 என்ற ஆண்டைக் கேள்விப்பட்டதும் இல்லை.